ஒண்ணும் ஆகாது என்று சொல்லாத டாக்டர்

எங்கள் ஊரில் யாரிடம் எதைப் பற்றிக் கவலைப்பட்டாலும் முதலில் வருகிற பதில் "ஒண்ணும் ஆகாது" என்பதுதான். ஆட்டோ டயர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதே என்றால் ஒண்ணும் ஆகாது. முந்தாநாள் வைத்த மீன்குழம்பா என்றால் ஒண்ணும் ஆகாது. நான் வேலை பார்ப்பது துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில். கப்பல் தாமதமாகி, சரக்கு வெயிலில் கிடக்கிறதே என்று போனில் கேட்டால், "ஒண்ணும் ஆகாது சார், நாளைக்கு வந்துரும்" என்பார்கள். அது வராது என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிற எனக்கும் தெரியும். இருந்தாலும் அதைக் கேட்டுவிட்டால் மனது சற்று நேரம் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த டாக்டர் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவரைப் பற்றி எதை நினைத்தாலும் எனக்கு அங்கேதான் வந்து முட்டுகிறது.

அவர் குழந்தைகளுக்கான பல் டாக்டர். பாளையங்கோட்டை சாலையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே, முதல் மாடியில் கிளினிக். படியேறும்போதே பெயின்ட் வாடை மூக்கில் ஏறும். கதவைத் திறந்தால் அது போய், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் வாடை வரும். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, நல்ல உயரம். குழந்தையின் வாய்க்கு நேராகக் குனிந்து குனிந்து கழுத்து முன்னால் நீண்டுவிட்டிருந்தது. கறுப்பும் கருநீலமுமாகத்தான் சுடிதார் போடுவார். எல்லாவற்றிலும் வயிற்றுப் பக்கம் சின்னச் சின்ன வெளுத்த புள்ளிகள். உப்பளத்துக் காற்றில் நின்றுவிட்டு வந்தவர் என்றே முதலில் நினைத்தேன்.

என் மகள் தாரணிக்கு அப்போது ஏழு வயது. கீழ்த்தாடையில் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகி, ஈறில் சீழ்க்கட்டி வந்திருந்தது. போகிற வழியெல்லாம் என் மனைவி, டாக்டர் ஊசி போடமாட்டார், சும்மா பார்ப்பார், பலூன் கொடுப்பார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் பிள்ளை அதையே டாக்டரிடம் கேட்டாள். அவர் என் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு பிள்ளையிடம் குனிந்தார்.

"ஊசி உண்டு மக்கா. சுருக்குனு இருக்கும், அப்புறம் உதடு தடிச்ச மாதிரி தெரியும். இந்தக் கையத் தூக்குனேன்னா உடனே நிறுத்திருவேன். பலூன் கிடையாது, தீந்துபோச்சு."

தாரணி அழுதாள். ஆனால் இறங்கி ஓடவில்லை. ஊசி போடும்போது கையைத் தூக்கினாள். அவர் நிறுத்தினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

அந்தக் கை தூக்குகிற ஏற்பாட்டை அவர் யாருக்காகவும் மாற்றியதில்லை. வேம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பையன், வலியே இல்லாமல் விளையாட்டுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அவர் கருவியை வெளியே எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பொறுமை போயிற்று. கடலுக்குப் போகிற அவன் அப்பா உள்ளே போய், "ஏலே, கையக் கீழ போடுலே, கடைசி பஸ்ஸு போயிரும்" என்று அதட்டினார். டாக்டர் திரும்பாமலே சொன்னார்: "அண்ணே, கையத் தூக்குனா நிறுத்துவேன்னு அவன்கிட்டதான் சொல்லியிருக்கேன். உங்ககிட்ட இல்ல." பையன் கடைசியில் அலுத்துப்போய்க் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

விழப்போகிற பல்லுக்கு எதற்கு வேர்ச்சிகிச்சை என்று எல்லாப் பெற்றோரும் கேட்பதை நானும் கேட்டேன். பிடுங்கிப் போட்டால் போகாதா? அவர் எக்ஸ்ரேயை விளக்கில் செருகிக் காட்டினார். பால்பல்லின் இரண்டு வேர்களுக்கும் நடுவே, தாடை எலும்புக்குள், ஒரு சின்னத் தொப்பி மாதிரி வெள்ளையாக ஒன்று. அதுதான் பின்னால் வரப்போகிற நிரந்தரப் பல். மாடிவீட்டில் சாக்கடை உடைந்தால் கீழ்வீட்டுக்காரன் நிம்மதியாக இருக்க முடியுமா என்று கேட்டார். சீழைச் சுத்தம் செய்து பால்பல்லை அதன் காலம் வரை நிறுத்திவைத்தால் கீழே இருப்பது ஒழுங்காக வளரும், அது வருவதற்கான இடமும் இருக்கும். பிடுங்கலாம், அதுவும் வைத்தியம்தான், ஆனால் பக்கத்துப் பல் சாய்ந்துவிடும். இரண்டையும் சொல்லிவிட்டு, எது வேண்டும் என்று எங்களையே கேட்டார். பல்லை நிறுத்திவைக்கலாம் என்றோம்.

வேர்ச்சிகிச்சை என்றால் பாதி நேரம் கழுவுவதுதான் என்பது அவரிடம்தான் எனக்குத் தெரிந்தது. பால்பல்லின் வேர்க்குழாய் மெல்லியது, வளைந்தது, பக்கவாட்டில் கிளை பிரிந்தது. கருவி போகாத மூலைக்கு மருந்துத் தண்ணீர்தான் போகவேண்டும். எந்தத் தண்ணீர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டிலேயே உப்புத்தண்ணீர் கொப்பளிக்கச் சொல்கிறோமே, அது போதாதா என்று என் மனைவி கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"உப்புத்தண்ணி பாவம்மா. யாரையும் கடிக்காது. அழுக்கையும் கடிக்காது. இந்த ஹைப்போகுளோரைட்டு அழுக்கத் திங்கும், கிருமியக் கொல்லும். ஆனா வேரத் தாண்டி வெளிய போச்சுன்னா சதையையும் திங்கும். எம் துணியப் பாருங்க, சாயத்தையே விட்டுவைக்கல."

அப்போதுதான் அந்த வெள்ளைப் புள்ளிகள் என்னவென்று புரிந்தது.

எந்த மருந்தால், எவ்வளவு காட்டமாகக் கழுவலாம் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு முடியவில்லை என்றார். சிலர் சலைன் என்கிற உப்புத்தண்ணீர் மட்டும், சிலர் வேறொரு மருந்து. அவர் ஹைப்போகுளோரைட்டை நன்றாக நீர்க்க வைத்து ஊற்றுவார், கடைசியாகச் சலைனால் அலசுவார். பெரியவர்களின் பல்லில் வேர்நுனி ஊசிக்கண் அளவுதான் திறந்திருக்கும். பால்பல்லின் வேர் வயது ஏற ஏறத் தானாகவே கரைகிற வேர். எங்கே எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே முழுதாகச் சொல்லாது. இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னார். "ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆகலாம்" என்றார். "ரொம்ப அபூர்வம். ஆகாம இருக்கத்தான் இவ்வளவும் பண்ணுதேன்."

அவர் பண்ணியதை நான் பார்த்தேன். ஊசியின் நுனி மொட்டை. மருந்து பக்கவாட்டில்தான் கசியும். வேரின் நுனியை எட்டாமல் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும்படி ஊசியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார். சிரிஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தமாட்டார், ஆள்காட்டி விரலால்தான். கட்டைவிரலுக்குப் பலம் அதிகம், பலம் இருக்கிற விரலுக்குப் பொறுமை கிடையாது என்பார். சொட்டுச் சொட்டாக, ஊசியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே, நின்று நின்று ஊற்றுவார்.

கிளினிக்குக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். ஒருமுறை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் பார்த்தேன். மக்ரூன் வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்கார அண்ணாச்சி பெருமையாக ஒன்றை எடுத்துக் கொடுத்து எப்படி என்று கேட்டார். இனிப்பு தூக்கல், முந்திரி போதாது என்று டாக்டர் சொன்னார்.

"மக்ரூன்ல இனிப்பு இல்லாம பின்ன மீனா மணக்கும்? பிள்ளையளுக்குப் பல்லு சொத்தையானாத்தான உங்களுக்கு யாவாரம்" என்றார் அண்ணாச்சி.

"அதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, அந்த இனிப்பு தூக்கலான மக்ரூனையே வாங்கிக்கொண்டு போனார். அவர் வளர்ந்தது சாத்தான்குளம் பக்கம், வீட்டில் அப்பா அம்மா சித்தப்பா எல்லோரும் ஆசிரியர்கள். சின்ன வயதில் பொய் சொன்னால் அடி கிடையாதாம், இம்போசிஷன்தானாம். ஒரே பொய்யைப் பக்கம் பக்கமாக எழுதினால் அதன்மேல் ஆசையே போய்விடும் என்று இன்னொருநாள் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பிள்ளைக்கு முதல் முறை சீழை வடித்து, பாதி சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். இடையில் தாரணிக்கு அம்மை போட்டது. வீட்டில் வேப்பிலை கட்டியாகிவிட்டால் எங்கள் பக்கம் மருந்து, டாக்டர் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பிறகு கோயில் கொடைத் திருவிழா முடிந்து, நாங்கள் மறுபடி அந்தப் படியேறும்போது மாதங்கள் கடந்திருந்தன. தாமதத்துக்குக் காரணம் சொன்னோம். அவர் அம்மைத் தழும்புகளைப் பார்த்துத் தலையசைத்தார். பழைய எக்ஸ்ரேயை எடுத்து விளக்கில் வைத்தார்.

மாலை நேரம். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். என் மனைவி பிள்ளையின் பாதத்தைப் பிடித்திருந்தாள். இரண்டாவது சிரிஞ்சோ மூன்றாவதோ, ஆள்காட்டி விரல் அசைந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தாரணி கையைத் தூக்கவில்லை. நேராக அலறினாள். அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. டாக்டர் ஊசியை உருவிவிட்டார். பல்லின் குழியிலிருந்து ரத்தம் பொங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னம் உள்ளிருந்து யாரோ ஊதுவதுபோல வீங்கிற்று.

பக்கத்தில் நின்ற உதவியாளர் அம்மா குனிந்து, "அலர்ஜின்னு சொல்லிருங்க மேடம்" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. டாக்டர் அதற்குள் சலைன் சிரிஞ்சைக் கையில் எடுத்திருந்தார்.

"அலர்ஜி இல்ல" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு பிள்ளையிடம்: "மக்கா, மருந்து வெளிய போயிட்டு. தப்பு என்னோடது. எரியும், ரொம்ப எரியும். நான் கழுவிக்கிட்டே இருக்கேன், நீ அழுதுக்கோ."

அலசிக்கொண்டே எங்களிடம் சொன்னார். வேர் உட்பக்கமாகக் கரைந்திருக்கிறது, மருந்து அந்த வழியே தாடைச் சதைக்குள் போய்விட்டது. வீக்கம் இன்னும் ஏறும். கண்ணுக்குக் கீழேயிருந்து கழுத்து வரை கறுத்துப்போகலாம். மூச்சுக்குச் சிரமம் வருகிறதா என்று ராத்திரி முழுக்க யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரியில் இருப்பதுதான் நல்லது. கன்னத்தில் ஐஸ் வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து, எங்கள் ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். வழியில் நான் என்னென்னவோ கேட்டேன். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்போது அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் சொன்னதெல்லாம், "தெரியாது. நாளைக்குக் காலையில கொஞ்சம் தெரியும்."

மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் அவர் சொன்னபடியே கறுத்தது, பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, வடிந்தது. அந்தப் பால்பல்லை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பிய பிறகும் டாக்டர் தினமும் வந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

என் மைத்துனர் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தங்கச்சி மகள் என்றால் உயிர். நடந்ததைவிட டாக்டர் ஒப்புக்கொண்டதுதான் அவருக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்ள, தப்புப் பண்ணுனவ எவளாவது தானா வந்து தப்புன்னு சொல்லுவாளா? சின்னதச் சொல்லிப் பெருசா எதையோ மறைக்கா."

அடுத்தநாள் டாக்டர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, போனில் வீடியோவை ஓடவிட்டு நீட்டி, நடந்ததை இதில் சொல்லுங்கள் என்றார். வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் போயிருப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக நின்று, சொன்னார். மைத்துனருக்குக் கேட்கத் தெரியாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்.

"எக்ஸ்ரே பழசு. இத்தனை மாசம் கழிச்சு வந்த பிள்ளைக்குப் புதுசு எடுத்திருக்கணும். அம்மை இப்பதான் இறங்கியிருக்கேன்னு பாவம் பாத்து எடுக்கல. எடுத்திருந்தாலும் முழுசா தெரிஞ்சிருக்காது. ஆனா எடுத்திருக்கணும்."

பிறகு உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்தார். கிளம்பும்போது, அடியில் இருக்கிற பல்லுக்கு என்ன ஆகும் என்று என் மனைவி கேட்டாள். "தெரியாதும்மா. அது முளைக்கும்போதுதான் தெரியும். நாலு வருஷம் ஆவலாம்" என்றார்.

அந்த வீடியோவை அனுப்ப வேண்டாம் என்று நான் மைத்துனரிடம் சொன்னபோது அது ஏற்கெனவே மூன்று நான்கு குரூப்புகளுக்குப் போயிருந்தது. என் அலுவலகத்துக்கே அது திரும்பி வந்தது. 'அவளே ஒத்துக்கிட்டா' என்று மேலே எழுதி யாரோ அனுப்பியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர், வேறொரு டாக்டரின் பெயரைச் சொல்லி, அவரிடம் போனால் இப்படியெல்லாம் ஆனதே இல்லையாம் என்றார். ஆனதே இல்லையா, சொன்னதே இல்லையா என்று கேட்க நினைத்தேன். களைப்பாக இருந்தது. கேட்கவில்லை.

அடுத்த பள்ளிக்கூட வருடம் தொடங்குவதற்குள் கிளினிக்கை மூடிவிட்டார். வடக்கே ஒரு சின்ன ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாக அவரே போன் செய்து சொன்னார். பல் முளைத்ததும் தனக்குத் தெரியவேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு நான் காத்திருந்த காத்திருப்பை வேலையிலும் காத்திருந்ததில்லை, பிள்ளை பிறக்கும்போதும் காத்திருந்ததில்லை. தாரணி இருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். போன் டார்ச்சை அடித்து அவள் வாயைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. "அப்பா, அது என்ன கப்பலா, டெய்லி பாக்கீங்க?" என்று கேட்பாள். வீங்கிய கன்னத்தைப் பற்றி அவளுக்கு இப்போது பெரிதாக நினைவில்லை. வளர்ந்துவிட்டாள்.

இந்த ஆண்டு மழைக்கு முன்னால் ஈறு கிழிந்து பல் எட்டிப்பார்த்தது. முழுதாக மேலே வந்தபோது பார்த்தேன். பக்கவாட்டில் பழுப்பாக ஒரு திட்டு, அந்த இடத்தில் லேசான பள்ளம். வேறொரு மாடியில் புதிதாகத் திறந்திருக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இளைஞர், நல்ல மாதிரி. இதெல்லாம் சகஜம், பழசையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒண்ணும் ஆகாது என்றார். அந்த நிம்மதி படியிறங்கும் வரைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பல்லைப் படமெடுத்து அந்த டாக்டருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. வேறு கோணத்திலிருந்து இன்னொரு படம் கேட்டார், அனுப்பினேன்.

"என் மருந்தாலயும் இருக்கலாம். அதுக்கு முன்னாடியே இருந்த அந்தச் சீழாலயும் இருக்கலாம். எதாலன்னு எனக்குத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது" என்றார். பல் உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பள்ளத்தில் சொத்தை சீக்கிரம் பிடிக்கும், அதனால் அடைத்துவிட வேண்டும், எப்படி அடைக்க வேண்டும் என்று விளக்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தாரணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இது கெட்ட பல்லா?"

"இல்ல மக்கா. கறை உள்ள பல்லு. நல்லா கடிக்கும்."

"கறை போவுமா?"

"தானா போவாது. மேல பூசி மறைக்கலாம். நீ பெரிய பிள்ளையான பொறவு வேணும்னா பூசிக்கோ, வேண்டாம்னா விட்டுரு."

தாரணி யோசித்தாள். சரி ஆன்ட்டி என்று சொல்லிப் போனை என்னிடம் தந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

நான் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவரும் வைக்கவில்லை.

"அவ நல்லாத்தான் இருக்கா" என்றார். "நீங்க எப்படி இருக்கீங்க? ராத்திரி தூங்குதீங்களா?"

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் மனைவிகூட.

"நல்லா தூங்குதேன் டாக்டர். எனக்கு என்ன, ஒண்ணும் இல்ல."

அவர் பக்கத்தில் ஏதோ ஒரு பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. அதை யாரோ சமாதானப்படுத்தினார்கள்.

"சரி" என்றார்.

அவர் என்னிடம் நம்பாமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.